பிச்சுமணியின் திரி டப்பா

டெக்சஸ் மாநிலம் இர்விங் நகரத்தில் ஓம் விதியை உதட்டால் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

இதில் தற்பெருமை எதுவும் இல்லை. வெறும் தகவல்.

மற்றவர்கள் வேப் என்கிற மின்சிகரெட்டுக்குள் போடும் காயிலைக் கடையில் வாங்குகிறார்கள். நான் கம்பியைச் சுற்றி நானே செய்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் தண்டில் ஏழு சுற்று, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால், நடுவில் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், காயில் அதைச் சூடாக்கும், நான் புகை விடுவேன். இரண்டு வருட முதுகலைப் படிப்பில் கைக்கு வந்தது இது ஒன்றுதான்.

அன்று மார்ச் முப்பத்தொன்று. எச்1பி வேலை விசா லாட்டரியில் பெயர் விழுந்ததா இல்லையா என்று தெரியவேண்டிய கடைசி நாள். எனக்கு அது மூன்றாவது முறை. இதிலும் விழாவிட்டால் ஜூனில் பெட்டி கட்ட வேண்டும். வக்கீலிடமிருந்து மெயில் வரவில்லை.

அதனால்தான் மதியத்திலிருந்து காயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பிச்சுமணி சொல்வான். அவன் அப்படித்தான் ஏதாவது சொல்வான்.

பிச்சுமணி என் ரூம்மேட். அவனுக்குப் போன வருடமே லாட்டரி விழுந்துவிட்டது. இந்த மாதம் முழுக்க, சமையலறை அலமாரியில் சீரியல் டப்பாவுக்குப் பக்கத்தில், எனக்காகத் தினமும் சாயங்காலம் விளக்கேற்றுகிறான். ஸ்மோக் அலாரம் கத்தாமலிருக்க அதற்கு ஷவர் கேப் மாட்டியிருக்கிறான்.

கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுவதற்கு நல்லெண்ணெய் தேவைப்படாது என்று பொறுமையாக விளக்கினேன். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் பெயர் எடுக்கிறார்களா என்றும் கேட்டேன். நீ பத்த வைக்கிறதை நான் ஏதாவது சொன்னேனா என்றுவிட்டுப் போய்விட்டான்.

நிற்க. காயிலுக்கு வருவோம்.

முதலில் ஓம் மீட்டர் குதித்தது. 0.3, 0.7, மறுபடி 0.3. கம்பியின் கால் ஸ்க்ரூவுக்கு அடியில் சரியாக உட்காரவில்லை. இறுக்கினேன். அடங்கியது.

அடுத்து, பட்டனை அழுத்தினால் ஒரு ஓரம் மட்டும் சிவந்தது. ட்வீசரால் சுற்றுகளை வருடி, நெருக்கிவிட்டு, மறுபடி அழுத்தினேன். நடுவில் சிவப்பு பிறந்து இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பரவியது. கைதட்ட ஆளில்லாத வீட்டில் நடந்த அற்புதம்.

என்னிடம் நல்ல ஜப்பான் பஞ்சு ஒரே ஒரு துண்டுதான் மீதி. வெள்ளோட்டத்துக்கு அதை வீணாக்க மனமில்லை. பிச்சுமணியின் திரி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நுழைத்தேன். பஞ்சுக்குப் பஞ்சு.

ஒரு இழுப்பு இழுத்தேன். வாயெல்லாம் பெருமாள் கோயில் தீர்த்தம்.

காயிலில் ஏதோ கருகுகிறது என்று முடிவு செய்தேன். பிரித்தேன். கம்பியை மாற்றினேன். வேறு திரி போட்டேன். மறுபடியும் தீர்த்தம். ஸ்க்ரூவைச் சந்தேகப்பட்டேன். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். ஒரு கட்டத்தில் ஓம் விதியையே சந்தேகப்பட்டேன்.

ஒன்பது திரி போனது. மெயிலையும் ஒன்பது முறை பார்த்தேன். தற்செயல்.

ஐந்தரைக்குப் பிச்சுமணி லாஸ் கொலினாஸ் ஆபீஸிலிருந்து வந்தான். கதவைத் திறந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் மூக்கை உறிஞ்சினான். முகம் மலர்ந்தது.

"டேய் பத்ரி, நீயாடா விளக்கேத்தின?"

அவன் மேஜையைப் பார்த்தான். கருகிய திரிகளைப் பார்த்தான். டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை.

"பச்சைக் கற்பூரம் போட்டு வெச்ச டப்பாடா இது. திரியெல்லாம் வாசனை ஏறிக் கெடக்கும். உனக்குத் தெரியவே இல்லையா?"

டெக்சஸின் மார்ச் மாத மகரந்தம் இரண்டு வாரமாக என் மூக்கை அடைத்திருந்தது. மற்றபடி, காயிலில் கோளாறே இல்லை என்பது இதன்மூலம் நிரூபணமாகிவிட்டது. அதை அவனிடமும் சொன்னேன்.

அவன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இன்னிக்குத்தானே முக்கியமான நாள், இன்னிக்குப் போய் திரி இல்லையே என்று விளக்கிடம் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்பினான். அந்த நேரத்து ஃப்ரீவேயில் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்.

நான் ஜப்பான் பஞ்சை எடுத்தேன். குறையில்லாத காயில், குறையில்லாத பஞ்சு. நுனியைத் திருகி உள்ளே விட வேண்டியதுதான் பாக்கி.

வக்கீல் ஆபீஸ் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறது. கலிபோர்னியாவில் இன்னும் நாலு மணிகூட ஆகவில்லை.

அலமாரியைத் திறந்தேன். விளக்கில் எண்ணெய் இருந்தது.

பஞ்சை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். ரொம்ப இறுக்கினால் எண்ணெய் ஏறாது. தளர்ந்தால் சட்டென்று கருகிவிடும். நடுவில் ஒரே பருமன், நுனியில் கூர்மை. எண்ணெயில் நனைத்து, முழுக்க ஊறும்வரை காத்திருந்தேன். அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஷவர் கேப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பற்றவைத்தேன்.

சுடர் ஆடவில்லை. புகையவில்லை. ஓரம் கருகவில்லை. இர்விங்கில் இப்படி ஒரு திரி யாரும் திரித்ததில்லை.

கவுன்ட்டரில் ஃபோன் அதிர்ந்தது.

இரண்டு கையும் கூப்பியிருந்ததால் உடனே எடுக்க முடியவில்லை.