தாழிக்குள் பாட்டு

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த காக்கேத்தியில் ஊர் ஊராக ஒயின் ருசித்துக்கொண்டே வந்த புதுத் தம்பதி வாஜாவும் தெக்லேவும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மண்ணில் கழுத்துவரை புதைத்த, ஆள் இறங்கும் அளவு பெரிய ஒயின் தாழியை என் கணவர் குராம் அன்று கழுவ இருந்தார்.

"நான் இறங்குறேண்ணே," என்றான் வாஜா.

"நேத்து தின்ன ஆட்டுக்கறிக்கு தாழி வாயிலேயே சிக்கிக்குவ மாப்ள!" என்றார் குராம்.

இறங்குகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் உள்ளே தேங்கிய ஒயின் ஆவியில் மயங்கிவிட்டார் என்று அர்த்தம். வாஜா கட்டைக் குரலில் கல்யாணப் பாட்டைப் பாடினான். தெக்லே விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள்.

கழுவி முடித்து ஏணியில் ஏறி வந்தான். பக்கத்து மேசையில் சாப்பிட உட்கார்ந்தான். தாழிக்குள் அவன் குரலில் பாட்டு நிற்கவில்லை.

"வாஜா, உள்ள யாரு?" என்றாள் தெக்லே.

"யாருமில்லையே. ரொட்டி ஆறுது பாரு."

குராம் தாழியை மூடி, சுற்றிலும் ஈரக் களிமண் பூசினார். பாட்டு மெலிந்தது. நடுவில் நின்று, "தெக்லே, கையைக் குடு," என்றது. அவள் எழுந்தாள். வாஜா சிரித்தபடியே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சாப்பிடும்மா. பழகிடும்."

எங்களுக்குக் கல்யாணமான வருடம் குராம் இறங்கிக் கழுவிய மூலைத் தாழியை அவர் இன்றுவரை திறக்கவிடவில்லை. அதற்குள் பாடுகிறவருக்குக் கல்யாணப் பாட்டின் இரண்டாவது அடி எப்போதும் மறந்துபோகும். சமைத்துக்கொண்டே, குராமுக்குக் கேட்காதபடி, நான்தான் எடுத்துக்கொடுப்பேன்.