நடுத்தெருவில் நின்ற லாரி

திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

நல்லது செய்யத்தான் போனாள், பாவம். தஸ்லிமா மதியத் தொழுகைக்குப் போயிருந்தாள். போன கொஞ்ச நேரத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. மௌஸ் அசையவில்லை. வந்து பார்த்தால் பதறுவாளே என்று இவள் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டுவிட்டாள்.

இப்போது திரையில் கல்லூரியின் முத்திரை மட்டும் இருந்தது.

தஸ்லிமா நேற்றிலிருந்து எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கல்லூரி லேபில் எந்த மெஷினை அணைத்துப் போட்டாலும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பையன்கள் கண்ட கேமையும் ஏற்றிவிடக் கூடாதென்று செய்து வைத்த ஏற்பாடு. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் இருந்தார்கள். ஹேக்கத்தான் போட்டிக்கு வருகிற பிள்ளைகள் ஊரையே மாற்றுகிற ஆப் எழுதுவார்கள். சுவரில் இருப்பதை மட்டும் படிக்க மாட்டார்கள்.



மூன்று பேர் டீம். முந்தின நாள்தான் குலுக்கிப் போட்டுச் சேர்த்தார்கள். அவள், நாகர்கோவில் எபனேசர், திண்டுக்கல் தஸ்லிமா. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது என்று குடத்தோடு நிற்பவர்களுக்குச் சொல்லும் ஆப். வரைபடத்தில் அந்த லாரியை ஓட வைத்தவள் தஸ்லிமா. ஜெயிக்கிற டீமுக்கு ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை. எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும் என்று தஸ்லிமா வந்தவுடனேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தாள். மற்ற இருவரையும் போலச் சொந்தமாக லேப்டாப் இல்லாததால்தான் லேப் மெஷினில் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடுவர்கள் வந்துவிடுவார்கள்.

இவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் பஸ் ஏறினால் வீடு. போனை அணைத்துவிட்டால் யார் தேடப்போகிறார்கள்? நேற்றுப் பழகியவர்கள்தானே.

கதவைத் திறந்துகொண்டு தஸ்லிமா வந்தாள். முகத்தில் ஈரம் காயவில்லை. திரையைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"ஹேங் ஆயிடுச்சு. நான்தான் ரீஸ்டார்ட் பண்ணேன்."

தஸ்லிமா தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நாசமாப் போச்சு என்று உள்ளங்கைக்குள்ளேயே சொன்னாள். அழவும் செய்தாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நெட்டுல ஏத்தி வைக்காம எந்திரிச்சுப் போனது நானு. நீ என்ன பண்ணுவ? உன் லேப்டாப்பத் திற. நான் சொல்லச் சொல்ல அடி."

எழுதியதும் அவள், இழந்ததும் அவள், பழியில் பாதியை வாங்கிக்கொள்வதும் அவளா! இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

எபனேசர் மூன்று தட்டுச் சோற்றோடு வந்தான். விஷயத்தைக் கேட்டு ஒரு கணம் வாயைப் பிளந்தான். பிறகு அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"செரி மக்கா, தின்னுட்டே பாப்போம்."

தஸ்லிமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். இவள் டைப் அடித்தாள்.

நேற்று முழுக்கப் பக்கத்தில் இருந்தும் தஸ்லிமா என்ன எழுதுகிறாள் என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. இப்போதுதான் ஒவ்வொரு வரியாகக் கைக்குள் வந்தது. லாரி சந்துக்குள் நுழைய முடியாவிட்டால் முக்கில் நிற்பதாகக் காட்ட வேண்டும். சிக்னல் போய்விட்டால் கடைசியாக இருந்த இடத்தைக் காட்ட வேண்டும். அடேயப்பா, இவ்வளவையும் யோசித்தாளா!

ஓரிடத்தில் தஸ்லிமாவுக்கு ஞாபகம் வரவில்லை. இவள் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னாள்.

"நேத்து நான் எழுதுனதுக்கு இது தேவலாமே," என்றாள் தஸ்லிமா.

இவளுக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

ஆனால் முழுதாக முடியவில்லை. லாரி ஓடியது. சில சமயம் நடுத்தெருவில் நின்றும்போனது. நின்றால் யாராவது புரோகிராமுக்குள்ளே புகுந்து கையால் தள்ளிவிட வேண்டும்.

டீம் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எபனேசர் பேசுவதாக ஏற்பாடு. லேப்டாப்பில் தஸ்லிமா. வேறு யார்? இவள் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டாள்.

மேடையில் தஸ்லிமா நாற்காலியை இழுத்தாள். உட்காரவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினாள். கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

இவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

நடுவர் ஒருவர் வாட்சைப் பார்த்தார். தஸ்லிமா நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிடிவாதக்காரி.

இவள் மேடையேறி வந்து லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். தஸ்லிமா கைகளைக் கட்டிக்கொண்டு நடுவர்களைப் பார்த்து நின்றாள்.

எபனேசர் பேச ஆரம்பித்தான். பெரிய திரையில் லாரி கிளம்பியது. கோயிலைத் தாண்டியது. முக்கில் திரும்பியது.

நின்றது.

முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எபனேசர் பேச்சை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். நடுவர்கள் பார்த்தார்கள். அரங்கமே பார்த்தது. இவள் கை கீபோர்டுக்குப் போனது.

தஸ்லிமா மட்டும் திரும்பவில்லை.