பட்டினப்பாக்கத்துத் தண்ணீர்

மீன் ஒருக்களித்து மிதந்தது.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். செவுள் ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது.

இதன் ஜோடி காலையிலேயே போய்விட்டது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, சுண்டுவிரல் அளவு மீன். அதைக் கரண்டியால் எடுத்து, மனைவி வசுமதி வைத்த செம்பருத்தித் தொட்டியில் புதைத்திருந்தார்.

பின்னால் மகள் யமுனா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். மீன் தொட்டித் தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக நிற்கவேண்டும். பச்சையானால் தண்ணீரில் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பச்சைப் பசேலென்று இருந்தது.

அவள் பால்கனிக்குப் போனாள். காலி கேன்கள் அங்கேதான் இருந்தன.

கடல்மீன் தொட்டி வசுமதியின் ஆசை. கல்யாணமான புதிதில் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் பார்த்தாள். பாறையும் பவளமுமாக, கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் கடல். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிடையர் ஆகட்டும், ரிடையர் ஆகட்டும் என்று அவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனார். அவள் அந்த ஐப்பசியைத் தாண்டவில்லை.

அதன்பிறகு அவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்குப் பதில் இதையாவது பார்க்கட்டும் என்று யமுனாதான் தொட்டியை வாங்கிவந்தாள்.

கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். வடிகட்டிய நல்ல தண்ணீரில், கடல்மீனுக்கென்றே விற்கிற பாக்கெட் உப்பைக் கரைத்து ஊற்றவேண்டும். கரையோரத்துக் கடல் தண்ணீரை மட்டும் கொண்டுவந்துவிடக் கூடாது, ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான் கலக்கிறது.

அவர் தலையாட்டினார். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற மனுஷர். யமுனா நம்பி ஆபீசுக்குப் போய்விட்டாள்.

அவர் கேன்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனார்.

உப்புப் பாக்கெட் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

தண்ணீர் முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. பாறைகளை அடுக்கினார். மோட்டாரை ஓடவிட்டார். மீன் விடுமுன் பல வாரம் தொட்டி சும்மா இருக்கவேண்டுமாம். இருந்தது. மெல்லத் தெளிந்தது.

காலையில் காப்பியோடு அதன் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வார். பேசவும் செய்தார். கேஸ் புக் பண்ணியாச்சு. யமுனாவுக்குச் சளி. கீழ்வீட்டுக்காரர்கள் காலி பண்ணுகிறார்கள்.

பல மாதத்துக்குப் பிறகு வீட்டில் ஆள் இருப்பதுபோல இருந்தது. சந்தோஷமாகவே இருந்தார், அதுதான் உண்மை.

அப்படியே விட்டிருக்கலாம். யமுனா ஆசை ஆசையாக இரண்டு மீன் வாங்கி வந்ததுதான் வினை. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை.

யமுனா ஒரு கேனோடு திரும்பி வந்தாள். அதன் அடியில் கொஞ்சம் மணல். மணலோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோன ஒரு சாமந்தி இதழ்.

கடலில் சாமந்தி எதற்கு மிதக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் சாம்பலை எங்கே கரைத்தார்கள் என்றும் தெரியும்.

கேனை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

"இந்தத் தண்ணில அது பொழைக்காதுப்பா."

அவர் மீனைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். ரொம்ப நேரம் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து உப்புப் பாக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாளியில் புதுத் தண்ணீர் தயாரானது. மீனை அதில் விட்டார்கள். கொஞ்ச நேரம் அடியில் கிடந்தது. பிறகு துடுப்பை அசைத்தது. நிமிர்ந்தது.

யமுனா தொட்டிக்குள் ரப்பர் குழாயைப் போட்டு, மறுமுனையைப் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் அவசரமாக எழுந்துபோய்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார்.

"அங்க ஊத்தாதம்மா."

அவள் கேன்களை எடுத்து வந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது இருவரும் பட்டினப்பாக்கத்தில் இருந்தார்கள்.

சாம்பலைக் கரைத்த அன்றைக்கு யமுனாவைக் கூட்டி வரவில்லை. பொம்பளைப் பிள்ளை கடலுக்கு வரக்கூடாது, வீட்டைக் கழுவிவிட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இங்கே அவரும் வசுமதியின் அண்ணனும் மட்டும் நின்றார்கள். கரைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும் என்று அண்ணன் சொன்னார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவர். ரோடு வரைக்கும் கழுத்து வலித்தது. அதற்குப் பிறகும் வலித்தது.

கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கடைசிக் கேனை யமுனா அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எந்த எடம்ப்பா?"

அவர் கையைக் காட்டினார்.

அவள் முழங்கால் அளவுக்கு இறங்கினாள். சுடிதார் நனைந்தது. மெல்ல ஊற்றினாள், அணைத்துப் பிடித்துக்கொண்டு. எல்லாம் போன பிறகும் கேனைக் கவிழ்த்தபடியே நின்றாள்.

பிறகு கரையேறினாள். அவர் பக்கத்தில் வந்து, ரோட்டைப் பார்த்து நின்றாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கும் யாரோ சொல்லித்தான் இருந்தார்கள். கழுத்து லேசாக அசைந்தது. அசையாமல் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் அவள் தோள்களைப் பிடித்தார். கடல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.