தவறிப்போன இரண்டு பந்துகள்

"கை நடுங்குச்சுய்யா அவனுக்கு. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். நடுங்குற கையிலயா பெஸ்ட் பிளேயர் கப்பைக் குடுக்கச் சொல்றீங்க?"

ராமமூர்த்தி மேஜையைத் தட்டிய தட்டில் டம்ளரிலிருந்த டீ துள்ளி வெளியே விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலையாண்டி அசையவில்லை.

தேர்வுக் கமிட்டி என்று பெயர்தான் பெரிது. ஆள் இவர்கள் இருவர்தான். ராமமூர்த்தி ஜவுளி வியாபாரி, போட்டியின் செயலாளர். மலையாண்டி ஓய்வுபெற்ற ரெஃப்ரி, பிடித்தால் உடும்புப்பிடி.

வெளியே மதுரையின் மே மாதப் புழுக்கத்தில் கூட்டம் பரிசளிப்புக்குக் காத்திருந்தது. கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் மில் டீம் ஒரே ஒரு பாயிண்டில் பேங்க் டீமை ஜெயித்திருந்தது. சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதில்தான் இழுபறி. கோப்பை என்னவோ பித்தளைதான். ஆனால் அதை வாங்குகிறவன் நேராக மாநில அணியின் பயிற்சி முகாமுக்குப் போகலாம்.

"பேங்க் டீம் கருத்தக்கண்ணன் மாதிரி இந்தத் தடவை எவன்யா ஆடுனான்?" என்றார் மலையாண்டி. "மில்லு கேட்டுல பதிலியா நின்னு, ஆட்டத்தாலேயே பேங்கு வேலைக்குப் போனவன். முப்பது வயசாகப் போகுது. இந்த வருசம் விட்டா ஸ்டேட் டீமு அவனுக்கு வெறுங் கனவுதான்."

"கடைசியில போட்டு உடைச்சிட்டானே. ரெண்டு ஃப்ரீ த்ரோ. மறிக்க ஆள் கிடையாது, கோட்டுல நின்னு நிதானமாப் போடலாம். ரெண்டும் விழுந்திருந்தா பேங்க் டீம் ஜெயிச்சிருக்கும். ரெண்டையும் விட்டான்."

"மனுசன்னா தவறும்."

"பந்தக் கையில வாங்கிட்டு, பக்கத்துல நின்ன ஜனகராஜ்கிட்ட என்னமோ பேசிக்கிட்டிருந்தான். பேச்சுல புத்தி போனா பந்து எப்பிடி விழும்? கப்பு ஜனகராஜுக்குத்தான். மில் டீம் கேப்டன், ஜெயிச்சவன்."

மலையாண்டிக்கு எரிச்சல் வந்தது. ராமமூர்த்தியும் ஜனகராஜும் ஒரே தெரு, ஒரே சௌராஷ்டிரச் சொந்தம். அதைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"சரி, அந்தப் பயலையே கூப்பிடுங்க. அவனே வந்து தனக்குத்தான்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

ஜனகராஜ் வந்து நின்றான். ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை. வியர்வை காயாத பனியனின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

பாவம், அவனும் மில்லில் பதிலிதான். அந்த டீமில் அத்தனை பேரும் பதிலிகள். தினமும் விடியுமுன் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வேலைக்கு வராமல் போனால்தான் இவர்களுக்கு அன்றைக்கு வேலை. இல்லாவிட்டால் வந்த வழியே வீடு. டீமுக்கான வெற்றிக் கோப்பை வந்தால் எல்லோரையும் நிரந்தரமாக்குவேன், வராவிட்டால் டீமையே கலைப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"கோட்டுல நின்னு கருத்தக்கண்ணன் ஒன்கிட்ட என்னப்பா கேட்டான்?" என்றார் மலையாண்டி.

"நாளைக்குக் காலைல அம்புட்டுப் பேரும் கேட்டுக்குப் போகணுமாடான்னு கேட்டாருங்கய்யா."

"பாத்தீங்களா?" ராமமூர்த்தி துள்ளி எழுந்தார். "மேட்சே கைய விட்டுப் போகுது, இவன் ஊர்க்கதை பேசியிருக்கான்."

மலையாண்டி கையெழுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தபடி பேனாவைத் திறந்தார்.

அப்போது வெளியே மைக் கரகரத்தது. மில் முதலாளியின் குரல். "கோப்பையைக் கொண்டுவந்த நம்ம பசங்க அத்தனை பேரும் நாளையிலேருந்து நிரந்தரத் தொழிலாளிகள்." கைதட்டலும் விசிலும் தகரக் கூரையை அதிரவைத்தன.

ஜனகராஜ் சிரிக்கவில்லை. கண் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

ராமமூர்த்தி அவன் தோளில் கை போட்டார். மலையாண்டிக்குப் புரியாது என்ற தைரியத்தில், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில், "உன் பேரைச் சொல்லு போதும், மாநில அணிக்கே போயிடலாம்" என்று காதோடு சொன்னார்.

மாநில அணி என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஜனகராஜுக்கும் இருந்தது. ஆனாலும் கோட்டில் நின்று கருத்தக்கண்ணன் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

ராமமூர்த்தி நிமிர்ந்து, மலையாண்டிக்குக் கேட்கட்டும் என்று தமிழில் உரக்கக் கேட்டார். "சுத்தி வளைக்க வேணாம். இன்னைக்கு ஒங்க டீம் ஜெயிச்சதுக்கு யாருப்பா காரணம்? அந்தப் பேர மட்டும் சொல்லு."

ஜனகராஜ் தலைநிமிர்ந்து மலையாண்டியைப் பார்த்தான். அவனும் தமிழிலேயே சொன்னான்.

"கருத்தக்கண்ணன் அண்ணந்தாங்கய்யா."