மாடிக்கு ஒரு மீட்டர் பெட்டி

"வயர் ஓட்டையை மேலதான் போட்டிருக்கேன். உங்களால ஆனதைப் பார்த்துக்கோங்க!"

ஏணியின் உச்சியில் நின்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கீழே மின் இன்ஸ்பெக்டர் கையில் ஒரு குவளைத் தண்ணீரோடு நின்றார். எலக்ட்ரீஷியன்கள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. எவ்வளவு பெரிய ஆளின் வேலையானாலும் சலித்துப் பார்க்காமல் விட மாட்டார்.

"வயரை மேலேருந்து இறக்கினா மழைத்தண்ணி அதைப் பிடிச்சுக்கிட்டு நேரா பெட்டிக்குள்ள போகும்மா. கீழேருந்து வளைச்சு ஏத்தணும்."

"மழை வரும்போது பார்த்துக்கலாம்."

சல்லடை வாதாடவில்லை. அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். தண்ணீரைப் பெட்டியின் தலையில் ஊற்றி, மூடியைத் திறந்தார். உள்ளே போன தண்ணீர் மொத்தமும் அவர் சட்டைக் கையில் கொட்டியது. இன்னும் இணைப்புக் கொடுக்காத பெட்டி என்பதால் சட்டையோடு போயிற்று.

"ஃபெயில்," என்றார்.

இது மூன்றாவது முறை. முதல் முறை பெட்டி சுவரில் நிற்காமல் ஆடியது. இரண்டாம் முறை, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பசை பூசும்போது, தண்ணீர் வடிவதற்காக அடியில் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்து அடைத்திருந்தாள். இன்றைக்கு இது. தொழிலுக்கு வந்த புதிதில்கூட யாரும் செய்யாத தப்பு. அதைச் செய்துவிட்டு வாய் வேறு! மற்ற எலக்ட்ரீஷியன்கள் சல்லடையின் பைக் சத்தம் கேட்டாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்படியில் நின்ற தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிக்குத் தனி மீட்டர் கேட்டவள் அவள்தான். தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தது யார் என்று ஆரம்பித்த சண்டை, இனிமேல் அவரவர் மோட்டார், அவரவர் கரண்ட், அவரவர் அடுப்பு என்பதில் போய் முடிந்திருந்தது. மீட்டர் வந்ததும் படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிடுவதாக ஏற்பாடு. "வெளியாள் எதுக்கு? நானே பெட்டி வெச்சுத் தரேன்" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"சார், அந்தம்மாவைக் கேளுங்க. பெட்டி வெக்கத் தெரியுமா, தெரியாதா?"

"சார், அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அவ்வளவு அவசரம்னா அவளே ஏணில ஏறட்டும்."

"நான் என்ன தபால்காரனா?" என்றார் சல்லடை. ஈரக் கையைப் பிழிந்துகொண்டே அக்காவைப் பார்த்தார். "இங்க பாரும்மா. அடுத்த தடவையும் ஃபெயிலானா, உன் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி நான் எழுதியாகணும். அப்புறம் எந்த வீட்டுச் சுவர்லயும் நீ கை வெக்க முடியாது."

"எழுதுங்க. பேனா இல்லைன்னா நான் தரேன்."

"ஐயோ, கொஞ்சம் வாயை மூடுக்கா!"

தங்கை கத்தியே விட்டாள். பேசவே மாட்டேன் என்ற வீறாப்பெல்லாம் அந்த நொடியில் காற்றில் போயிற்று. "சார், அவ கோவத்துல ஏதோ உளர்றா. மனசுல வெச்சுக்காதீங்க. அவளுக்கு இதை விட்டா வேற பொழப்பு தெரியாது சார்."

"கெஞ்சாதடி," என்றாள் அக்கா. "எனக்காக நீ யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்."

சல்லடை தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பைக்கை எடுக்கப் போனவர், வாசல் சுவரில் இருந்த கீழ்வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்த்து நின்றார். பழக்க தோஷம், டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். வயர் கீழே தொங்கி வளைந்து அடியிலிருந்து ஏறியிருந்தது. பசை மேலேயும் பக்கங்களிலும் மட்டும். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவர் கொஞ்சம் திணறினார்.

"இது யாரு வெச்சது?"

"எங்க அக்காதான்!" தங்கை படியிறங்கி ஓடியே வந்துவிட்டாள். "இந்தத் தெருவுல பாதிப் பெட்டி அவ வெச்சதுதான். எவ்வளவு மழை அடிச்சிருக்கு, எதிலயாவது ஒரு சொட்டு இறங்கியிருக்கா? வீடு வீடாப் போய்க் கேட்டுப் பாருங்க! எங்க அக்கா மேல கை வெச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சல்லடை ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

சல்லடை அக்காவின் பக்கம் திரும்பினார். "இப்படி வெக்கத் தெரிஞ்ச கை, மாடிப் பெட்டியில மட்டும் ஏம்மா இந்தக் கூத்து அடிக்குது? நான் சொன்னா சொன்னபடி எழுதிடுவேன், தெரியுமில்ல?"

"தெரியும். அடுத்த தடவையும் ஃபெயில்தான். இப்பவே எழுதிக்கோங்க."

அக்கா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தில் அதே திமிர். உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"சரியா வெச்சா அவ தனியாப் போயிடுவா, சார்."