எழுநூற்றுப் பன்னிரண்டாம் ஃபோல்டர்

“லட்டு வராம நான் யாரையும் முடிஞ்சவுக பட்டியல்ல சேக்குறதே இல்ல தாயி” என்றார் ராஜகுரு அண்ணாச்சி.

அருப்புக்கோட்டையில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர் அவர். வரன் அமைந்தால் வீட்டிலிருந்து யாராவது லட்டு டப்பாவோடு வந்து சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குச் சர்க்கரை வந்ததே அந்தச் சட்டத்தால்தான் என்று பஜாரில் கேலி பேசுவார்கள்.

“லிஸ்ட்ல அதுவும் இருக்கா அண்ணாச்சி?” முருகலட்சுமி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நம்பரு, பேரு, ஊரு, தேடுதா முடிஞ்சதா, அம்புட்டையும் எம்மக எக்செல்ல ஏத்திட்டா. ஆமா, நீ எந்த ஊரு?”

“பரளச்சி.”

“கட்டிக்கொடுத்த ஊரா, பொறந்த ஊரா?”

“பொறந்த ஊரு” என்று சிரித்து மழுப்பினாள்.

கம்ப்யூட்டரில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ, ஒரு ஜாதகம். பெயர் மட்டும் வெறும் நம்பர். ஒரு பெண்ணைக் கேட்டு யாராவது வந்தால், அண்ணாச்சி நோட்டைப் புரட்டி நம்பரைப் பிடிப்பதற்குள் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அத்தனைக்கும் ஒரே மூச்சில் பெயர் மாற்ற ஆள் தேடி, மில் ஆபீஸில் வேலை பார்க்கும் முருகலட்சுமியைப் பிடித்திருந்தார்.

அவளுடைய ஜாதகமும் ஐந்து வருடமாக இதே கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வயதில் தன் வாயால் எப்படிச் சொல்வது?

மாதாமாதம் அம்மா கஸ்தூரிதான் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறுவாள். “பொம்பளப்பிள்ள தானே போயி நிக்கிறது நல்லாருக்காதுத்தா” என்பாள். போய்விட்டுக் கையை விரித்துக்கொண்டு திரும்புவாள். அதற்கப்புறம் முருகலட்சுமியின் சம்பளத்தில் கோயம்புத்தூரில் படிக்கும் தம்பி மருதுபாண்டிக்குப் பணம் அனுப்புகிற பேச்சு வந்துவிடும்.

இன்றைக்கு வேலை என்று ஒரு சாக்குக் கிடைத்ததால் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தாள். ஃபோல்டரில் பெயர் தெரிந்தால் அவள் பெயரும் இனி யார் கண்ணிலாவது படும். அந்த நப்பாசையில்தான் கூலியே வேண்டாம் என்றிருந்தாள்.

பெயர் மாற்ற அவள் எழுதிய குட்டிப் புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட், பத்தே வரி. லிஸ்ட்டைப் படித்து, நம்பரை எடுத்துவிட்டு, நிலைமை, பெயர், ஊர் என்று வரிசையாக வைக்கும். ஐந்து ஃபோல்டரை நகலெடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன.

“அம்புட்டுத்தானா? நான் இன்னும் டீயே சொல்லலியே” என்று அண்ணாச்சி எழுந்து வெளியே போனார்.

அவள் அவசரமாகத் தன் பெயரைத் தேடினாள். அந்தப் பக்கம் முருகலட்சுமிக்குப் பஞ்சமா? ஒன்பது பேர் வந்தார்கள். அதில் பரளச்சி ஒன்றே ஒன்றுதான்.

‘முடிந்தது – முருகலட்சுமி – பரளச்சி.’

ஸ்கிரிப்ட் ஒரு வரி தப்பிவிட்டதோ என்று ஃபோல்டரைத் திறந்தாள். ஸ்டுடியோவில் எடுத்த அவளுடைய அரக்குச் சேலைப் போட்டோவேதான். லிஸ்ட்டிலும் எழுநூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே ‘முடிந்தது’ என்றே இருந்தது.

அண்ணாச்சி மேல் ஆத்திரம் பொங்கியது. டீயோடு வந்தவரிடம், “எழுநூத்திப் பன்னெண்டு தப்பு அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஆகல” என்றாள்.

“எங்கிட்டயா தப்பு?” அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நீள நோட்டை எடுத்து நம்பர் வரிசையில் மட்டும் விரலை ஓட்டினார். “இந்தா, நாலு வருசம் முந்தி, தை மாசம். அரைக்கிலோ லட்டு. கையெழுத்தும் இருக்கு பாரு.” நோட்டை அவள் பக்கம் திருப்பினார். “ஒனக்குத் தெரிஞ்ச பிள்ளையா? இந்நேரம் அது கொழந்த பள்ளிக்கூடம் போகும்.”

முருகலட்சுமி கையெழுத்தைப் பார்த்தாள். அண்ணாச்சி மேல் இருந்த ஆத்திரம் அப்படியே வடிந்துவிட்டது. நாலு வருடமாக ஒருத்தர்கூட அந்தப் போட்டோவைப் பார்க்கவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் கண்ணாடி முன்னால் நின்ற நாட்களெல்லாம் வீண்.

“டீ ஆறுது தாயி.”

“நான் போறேன் அண்ணாச்சி.”

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கெழமையும் மில்லுல சோலியாத்தா? நான் இன்னைக்கு டவுனுக்குப் போயி அந்த அண்ணாச்சியப் பாத்துட்டு வந்தேன். இந்த மாசமும் தோதா ஒண்ணும் வரலையாம். எனக்கு மனசே ஆறல.”

முருகலட்சுமி பையை ஆணியில் மாட்டினாள். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்த அரைக்கிலோ லட்டு எந்தக் கடையில வாங்குனம்மா?”