பதக்கத்தோடு பாத்திரம் கழுவுபவர்

பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நகரக் காவல் தலைமையகத்தில், பறிமுதல் செய்யப்பட்ட இருநூற்று நாற்பது கேலிப்படங்கள் மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டன.

எல்லாம் ஒரே படம். மார்பு நிறையப் பதக்கங்களுடன் ஓர் உயரதிகாரி பாத்திரம் கழுவுகிறார். மீசையில் சோப்பு நுரை. பின்னால் மனைவி, கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிக்கிறாள்.

பெயர் எதுவும் போடவில்லை.

காவல் தலைவர் அதை மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும், அவமானம் துறைக்குத்தான் என்றார்.

படத்தை வரைந்து அச்சடித்தவள் எதிரே நின்றாள். அவளுடைய அச்சு எந்திரம் சீல் வைக்கப்பட்டு வெளி முற்றத்தில் கிடந்தது. அது போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஏம்மா, என் ஆளுங்கள்ல எவன் வீட்ல பாத்திரம் கழுவறான்? ஒருத்தனைக் காட்டு, மெஷினை இப்பவே எடுத்துட்டுப் போ."

"என்னைக் கேட்டா எப்படிங்க? அவங்கவங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

காவல் தலைவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உடனே ஒரு படிவம் தயாரானது. 'என் கணவர் இதுநாள்வரை வீட்டில் ஒரு கரண்டியைக்கூடக் கழுவியதில்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே மனைவியின் கையொப்பம்.

உயரதிகாரிகள் பட்டியலில் உள்ள பன்னிரண்டு வீடுகளுக்கும், ஒன்றுவிடாமல், ஜீப் போனது. திருடனைப் பிடிக்கக்கூட அது அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

மதியத்துக்குள் பதினொரு படிவங்கள் கையொப்பத்தோடு திரும்பின. ஓர் அம்மாள், 'கரண்டி எங்கே இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது' என்று சேர்த்து எழுதியிருந்தார். காவல் தலைவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

அச்சுக்காரி ஜன்னல் வழியே எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குப் பன்னிரண்டாவது உறை வந்தது. எழுத்தர் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னய்யா முழிக்கிற? சத்தமாப் படி."

எழுத்தர் படித்தார்.

'படத்தில் பாத்திரம் உண்மை. பதக்கம்தான் பொய். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் கழுவுவார்.'

கையொப்பமிட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பட்டியல்படி எல்லா வீட்டுக்கும் போகச் சொன்னவர் காவல் தலைவர். பட்டியலில் முதல் வீடு அவருடையது; கடைசியாக வந்த உறையும் அங்கிருந்துதான்.

நான்கு மணிக்கு அச்சு எந்திரத்தின் சீல் உடைக்கப்பட்டது. படத்தில் இருப்பவரை அடையாளம் காண இயலவில்லை என்று கோப்பில் எழுதி, காவல் தலைவரே கையொப்பமிட்டார்.